பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆணி

தம்பி,

நீ வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி, அம்மா தருகிற தேநீரைக் குடித்து, "மெலிஞ்சு போனாய்" என்று அவள் மூன்று தரம் சொல்லி முடித்த பிறகுதான் உன் அறைக்குள் போவாய். மேசையில் இந்தக் கடிதம் இருக்கும். அதன்மேல் ஓர் ஆணி இருக்கும். கடற்காற்றில் தாள் பறக்காமல் இருக்கட்டும் என்று வைத்தேன். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. ஆணியை வீசிவிடாதே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேரில் என்றால் நான் ஒரு பகிடியைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கடைக்குப் போகிற சாட்டில் நழுவிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். ஓ.எல். பரீட்சையில் நான் உருப்படியாகச் சித்தியடைந்த பாடம் தமிழ் ஒன்றுதான். அதை இவ்வளவு காலமும் எதற்கும் பயன்படுத்தவில்லை. இன்றைக்காவது பயன்படட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் நீ டோஹாவிலிருந்து போன் எடுத்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, வீட்டுக்குப் பின்னாலை நீட்டி நிக்கிற அந்தப் பலகைத்தட்டை உடைச்சுப்போட்டு கொங்கிரீட் போடுங்கோ. பொன்னுருக்குக்கு நாப்பது பேர் வருவினம். எனக்குப் பயமா இருக்கு." நான் என்ன சொன்னேன்? "கல்லு மாதிரி இருக்கடா, பயப்பிடாதை." தம்பி, அது பொய். அந்த நேரத்தில் எனக்கே அது பொய் என்று முழுசாகத் தெரியாது, ஆனால் உண்மையில்லை என்று தெரியும். ஓரத்தில் இரண்டு பலகைகள் காலை வைத்தால் பாண் மாதிரி அமுங்கின. அதன்மேல் பூச்சாடிகளை வைத்து மறைத்திருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். உன் தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு மாப்பிள்ளை வீட்டில், நமது வீட்டில், அந்தப் பலகைத்தட்டில், கடல் தெரிகிற இடத்தில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பாதி. மற்றப் பாதி, நீ கட்டப்போகிற தர்ஷிகா அன்றைக்கு அங்கே வந்து நிற்கிற அவளுடைய வீட்டாரின் படங்களைப் பார்த்து, "எவ்வளவு நல்ல இடம், இஞ்சையே இருப்பம்" என்று உன்னிடம் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் இருவரும் பாமன்கடையில் வாடகை வீடு பார்த்திருக்கிறீர்கள் என்பதை நீ அம்மாவிடம் முதலில் சொன்னாய். அவள் எனக்குச் சொன்ன பிறகு இரண்டு நாள் நான் அவளோடும் கதைக்கவில்லை, அவள் என்ன பிழை செய்தாள் என்று எனக்கே விளங்கவில்லை. உன் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் கதவு வெட்டி, உங்களுக்கென்று தனி வீடு மாதிரி ஆக்கலாம் என்று நான் ஏற்கெனவே சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். நீ இப்போது அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். அந்தப் பெரிய திட்டத்தில் பலகைத்தட்டுத்தான் என்னுடைய தூண்டில்.

ஆகவே, அது பலமாக இருக்கிறது என்று உனக்குக் காட்ட ஒரு வீடியோ எடுக்க முடிவு செய்தேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "பார் தம்பி, பார்" என்று சொல்லிச் சொல்லிப் பலகைகளில் மிதித்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மிதித்தேன், ஒன்றும் இல்லை. நடுவில் மிதித்தேன், ஒன்றும் இல்லை. பிறகு கொஞ்சம் வீராப்பு வந்து ஒரு துள்ளுத் துள்ளினேன். வலது கால் தொடைவரை கீழே போய்விட்டது. போன் கையிலிருந்து விழுந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தது.

நம்முடைய பலகைத்தட்டு கீழ்வீட்டு ராத்தாவின் குசினிமுற்றத்துக்கு மேலாகத்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவருடைய தம்பிமார் அக்காவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சின்ன வயதில் நீயும் ராத்தா என்றாய், உன்னைப் பார்த்து நாங்களும் பழகினோம். ராத்தா அந்த நேரம் கீழே உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. பிறகு கீழேயிருந்து அவருடைய குரல் வந்தது.

"அண்ணன், உங்கட காலொண்டு எங்கட வீட்டுக்கு வந்தீக்குது."

"ஓம் ராத்தா. நான்தான்."

"மத்தக் காலும் வாரதா, அது அங்கினயே ஈக்கிறதா?"

அம்மா வந்து பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். உடைந்த பலகையின் கூர் கீழ்நோக்கி இருந்ததால், இழுக்க இழுக்க அது தொடையில் குத்தியது. "அசையாமல் இருங்கோ, ராத்தாவின்ர மகன் வேலையால வரட்டும், வாளாலை வெட்டி எடுப்பம்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு தலையணை கொண்டுவந்து தந்தாள். பிறகு வாசலில் நின்று ஒன்று சொன்னாள்: "உங்கட கால் போனதுக்கு நான் சிரிக்கலாம். சம்பந்தியின்ர கால் போயிருந்தால்?" அவள் உள்ளே போன பிறகும் அந்தக் கேள்வி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாற்பது பேர், ஆசாரியாருடைய நெருப்புச்சட்டி, கீழே ராத்தாவின் பேரப்பிள்ளைகள்.

அப்போதுதான் தம்பி, மழை வந்தது. உனக்கு நினைவிருக்கிற கடல் இப்போது இல்லை. முன்னால் இரண்டு அடுக்குமாடிகள் எழும்பி, நடுவில் ஒரு சேலை அகலத்துக்குத்தான் கடல் மிச்சம். அந்தச் சேலை அகலத்துக்குள் முதலில் தொடுவானம் இல்லாமல் போனது. பிறகு தூரத்துக் கப்பல் இல்லாமல் போனது. பிறகு கடலே சாம்பல் நிறமாகி எழுந்து நின்று நடந்து வந்தது. தண்டவாளத்தைத் தாண்டியது, அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தாங்கிகளில் அடித்தது, பக்கத்து வீட்டுத் தகரத்தில் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சத்தம். வெள்ளவத்தையில் முப்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன், ஒரு மழை வருவதை நான் முழுசாகப் பார்த்ததில்லை. எப்போதும் உடுப்பு எடுக்க ஓடியிருக்கிறேன், சன்னல் சாத்த ஓடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஓட முடியாமல் இருந்தேன். மழை என் தலையில் இறங்கியபோது எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை வருடமாக நம் வீட்டின் பின்பக்கத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். வாய்க்குள்ளும் மழை பெய்தது. அந்த நேரம் பார்த்து ரயில் போனது. தட்டு முழுவதும் நடுங்கியது. ஆனால் என் தொடைக்குக் கீழே பலகைகளைத் தாங்குகிற வளைமரம் நடுங்கிவிட்டு நின்றது, விடவில்லை. என் எழுபத்தெட்டுக் கிலோவையும் பிடித்துக்கொண்டு நின்றது. நான் ஒருநாளும் பார்த்திராத, ஒருநாளும் ஒரு தூரிகைகூடத் தொடாத மரம்.

வீடியோவை நான் அழிக்கவில்லை. இருபது நிமிடம் வெறும் ஆகாயமும் மழையும், நடுவே ராத்தாவின் சிரிப்பும் இருக்கிறது. ராத்தாவின் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனி மறைத்துப் பயனில்லை.

அடுத்த கிழமை வத்தளையிலிருந்து செல்வராஜ் பாஸ் வந்தார். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்குத் தச்சுவேலைக்கு வந்து, மேஸ்திரியாகி, பாஸ் என்று பெயர் எடுத்தவர். வந்ததும் பலகைகளைப் பார்க்கவில்லை, பலகைகளுக்கு நடுவே பார்த்தார். உளியின் முனையால் கிண்டினார். புட்டியும் தாரும் பெயின்டும் அடை அடையாக வந்தன.

"ஐயா, இத யாரு அடைச்சது?"

"நான்தான்."

"எதுக்குங்க?"

"கோலம் போட."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அந்தக் கதையைச் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன், அப்போது உனக்கு ஆறு வயது. நமது வீடு மேல்மாடி, நிலமென்று ஒரு சாண்கூட இல்லை. பலகைத்தட்டுப் போட்ட முதல் தைப்பொங்கலுக்கு அம்மா அதன்மேல் கோலம் போட்டாள். அரிசிமா இடைவெளிகளால் கீழே இறங்கி ராத்தாவின் கொடியில் காய்ந்த உடுப்பு முழுவதும் படிந்துவிட்டது. "அக்கா, மேல மா அரிக்கிறீங்களா?" என்று அவர் கீழேயிருந்து கேட்டார். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அதைவிட, கோலம் கோடு கோடாக அறுந்து கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. "முற்றமில்லாத வீட்டிலை முழுக் கோலமும் இல்லை" என்றாள். நான் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் முப்பது வருடம் பெயின்டும் புட்டியும் ஆணியும் விற்றவன். இதற்குக்கூட என்னிடம் மருந்தில்லையா? அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் முழங்காலில் நின்று ஒவ்வொரு இடைவெளியையும் அடைத்தேன். மேலே பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தேன். அடுத்த பொங்கலுக்குக் கோலம் முழுசாக விழுந்தது. அன்றைக்கு என்னைவிடப் பெரிய எஞ்சினியர் கொழும்பில் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் ஒரு பூச்சு.

பாஸ் எல்லாவற்றையும் கேட்டார். "மழத்தண்ணி எறங்கிப் போகத்தாங்க எடவெளி விடுறது. நீங்க வழிய அடைச்சிட்டீங்க. அது போக எடமில்லாம மரத்துக்குள்ளயே குடியிருந்திருச்சு."

"மேலே வருசா வருசம் பெயின்ட் அடிச்சனான்."

"அடிச்சீங்க. மூடி போட்டு வச்ச மாதிரி."

"நான் முப்பது வருசம் பெயின்ட் வித்தனான், பாஸ்."

"பரவால்லீங்க ஐயா. நான் யாருகிட்டயும் சொல்லல."

தண்ணீர் உள்ளே போகாது என்று எத்தனை ஆயிரம் பேருக்கு நான் சொல்லி விற்றிருப்பேன். எப்படியாவது உள்ளே போன தண்ணீர் பிறகு எந்த வழியால் வெளியே வரும் என்று ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னிடம் கேட்கவில்லை.

பலகைகளைக் கழற்றிய நாளைத்தான் உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேலே சிவப்புப் பெயின்ட் அப்படியே பளபளத்தது. புரட்டினால் அடியில் மரமே இல்லை. கையில் எடுத்தால் ஈரமான தேயிலைச் சக்கை மாதிரி உதிர்ந்தது. ஒரு பலகையின் அடியில் வெள்ளைக் காளான்கள் விசிறி விசிறியாக, யாரோ அடுக்கி வைத்ததுபோல் இருந்தன. எங்கேயோ காகம் போட்ட ஆலம்விதை ஒன்று அடைப்புக்குள் முளைத்து, மேலே இரண்டு இலைதான் காட்டியிருந்தது. அடியில் அதன் வேர் தலைமயிர் அளவில் பன்னிரண்டு அடிப் பலகை முழுவதும் ஓடி, மறுபக்கம் திரும்பி வந்திருந்தது. அதை நான் ஒவ்வொரு மாதமும் மேலே கிள்ளி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தவன். அம்மா, நான், பாஸ் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். என் காலுக்குக் கீழே இப்படி ஓர் ஊர் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அதைவிட வியப்பு பிறகுதான். தண்ணீர்த் தாங்கிக்கு அடியில் நான்கு பலகைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே எனக்குக் குனிய முடியாது, கையும் எட்டாது. அதனால் அடைக்கவும் இல்லை, பெயின்ட் அடிக்கவும் இல்லை. என் சோம்பேறித்தனம் என்று அம்மா வருடா வருடம் சொல்லிக்காட்டிய இடம். மேலே சாம்பல் நிறத்தில், பார்த்தால் விறகுக்குத்தான் ஆகும் என்று இருந்தது. பாஸ் சீவுளியை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே சிவப்பாக, நேற்று அறுத்த மரம்போல் இருந்தது. வாசமும் வந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். தாங்கி நிரம்பி வழிந்த தண்ணீர் முழுவதும் அதன்மேல்தான் விழுந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக விழுந்து, இறங்கி, காய்ந்து, விழுந்து, இறங்கி, காய்ந்து. நான் பாசமாகப் பார்த்த பலகையெல்லாம் போய்விட்டது, நான் எட்டாத பலகை இருக்கிறது. பாஸ் சீவலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். ஏதும் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அங்கே நின்றபோது எனக்கு ஒரு பஸ் ஞாபகம் வந்தது. உனக்குப் பதின்மூன்று வயது, முதன்முதல் தனியாகக் காலி வீதியில் பஸ் ஏறி வகுப்புக்குப் போனாய். நான் அடுத்த பஸ்ஸில் பின்னால் வந்தேன். நீ இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, வகுப்புக்குப் போகாமல் அங்கேயே நின்று, என் பஸ் வரும்வரை காத்திருந்து, நான் இறங்கியதும் சொன்னாய்: "அப்பா, வீட்டை போங்கோ." அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பல வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உனக்கு அன்றைக்கு வகுப்புப் பிந்திவிட்டது என்பதை நான் அந்தக் கதையில் ஒருநாளும் சேர்த்ததில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும், எப்படியும் உனக்குத் தெரியவரும். பாமன்கடை வீட்டைப் பார்க்க நான் ஒருநாள் போனேன். உள்ளே இல்லை, எதிர்ப்பக்கத்தில் நின்றேன். மழைக்கு வெள்ளம் ஏறுமா என்று பக்கத்துக் கடையில் விசாரித்தேன். ஏறும் என்று சொன்னால் உனக்கு உடனே போன் எடுக்கலாம் என்று ஒரு சின்ன ஆசையும் இருந்தது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து சிங்களத்தில் யார் என்று கேட்டபோது, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் மீட்டரைக் காட்டினார். நானும் குனிந்து வாசித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கலியாணத்தில் அவர் என்னை அடையாளம் கண்டால் நீதான் காப்பாற்ற வேண்டும். வெள்ளம் ஏறாதாம்.

வளைகள் எல்லாம் பாலை மரம், ஒன்றைத் தவிர மற்றவை பழுதில்லை. பலகைகளில் தாங்கிக்கடியில் இருந்த நான்கும் இருக்கின்றன, மிச்சம் புதிது. கொங்கிரீட் போடவில்லை தம்பி, மன்னித்துக்கொள். ஆனால் இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. அடிப்பக்கமும் நுனியும் உட்பட எல்லாப் பக்கமும் எண்ணெய் பூசி, உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்குரூ போட்டுப் பூட்டியிருக்கிறது. பாஸ் தன் ஆட்கள் ஆறு பேரை ஒரே நேரத்தில் அதன்மேல் குதிக்கவிட்டுக் காட்டினார். நான் கீழே, ராத்தாவின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பலகைகளைப் பூட்டிய நாட்களில், பாஸ் ஒரு பலகையை வைத்ததும் அதன் பக்கத்தில் ஓர் ஆணியை நிறுத்துவார், அடுத்த பலகையை ஆணியோடு முட்ட வைத்துப் பூட்டுவார், பிறகு ஆணியை உருவி எடுத்து அடுத்ததுக்குப் போவார். ஆணியின் மொத்தம், அதன் தடிப்புத்தான் இடைவெளி. அந்த ஆணியைப் பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. முப்பது வருடம் இறாத்தல் இறாத்தலாக ஆணி விற்றவன் நான், ஆணியை அடிக்காமலும் ஒரு வேலை செய்யலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். வேலை முடிந்த அன்றே பெரிய மழை பெய்தது. கடலையே தூக்கிக் கொட்டுகிற அந்த மழை அந்த ஆணி மொத்தத்து வழியால் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. ஒரு மணித்தியாலத்தில் பலகை காய்ந்துவிட்டது. நான் வெறுங்காலோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா தேநீரோடு வந்து, "இனித் துள்ளிக் காட்ட வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

கோலத்துக்கு என்ன செய்வது என்று நான்தான் கவலைப்பட்டேன். அம்மா கவலைப்படவில்லை. இன்றைக்குக் காலையில் ஒத்திகை பார்ப்பதற்காக ஒரு கோலம் போட்டாள். மா இடைவெளிகளால் விழுந்தது. கீழேயிருந்து ராத்தாவின் குரல்: "விழட்டும் அக்கா, கலியாண மா தானே. உடுப்பெல்லாம் எடுத்துட்டன்." உட்கார்ந்து பார்த்தால் கோலம் பலகைக்குப் பலகை அறுந்துதான் கிடந்தது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள், நானும் பக்கத்தில் போய் நின்றேன். நின்று பார்த்தால், தம்பி, அது முழுக் கோலம். ஒரு கோடும் அறவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னர் எழும்பி நின்று பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

நாளைக்கு ஆசாரியார் செட்டியார்தெருவிலிருந்து ஒன்பது மணிக்கு வருவார். கன்னிக்காலுக்கு முள்முருக்கங்கிளை வந்துவிட்டது, ஊன்ற நிலமில்லாததால் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். அந்த வாளிக்காவது என் தொழில் உதவியது. நீ பயமில்லாமல் பலகைத்தட்டில் உட்காரலாம், சம்பந்தியும் உட்காரலாம். கலியாணம் முடிய நீங்கள் பாமன்கடைக்குப் போங்கள். சுவரில் இருக்கிற பென்சில் கோட்டை நான் அழிக்கப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை, அதன்மேல் அலுமாரி நிற்கட்டும். நான் வருவதென்றால் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அம்மாவுக்கும் சேர்த்து அந்த உறுதியைத் தர என்னால் முடியாது.

மேசையில் இருப்பது அந்த ஆணிதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நான் பிடித்துக்கொண்டு நின்றது. இதை உங்கள் வீட்டு வாசல் நிலையில் ஒரு பக்கமாக அடித்து, உங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பை அதில் கொழுவித் தொங்கவிடுங்கள். ஒரு திறப்புப் போதும். எனக்கென்று இன்னொன்று வெட்ட வேண்டாம். நான் மணியை அடிக்கிறேன்.

அப்பா